சேற்றுநிலமும் மலைநாட்டு வரலாறும்

வரலாறு எழுத்தோடு தொடங்குகின்றது என்று நாம் கற்றோம். அவ்வாறே கற்பித்தும் வருகின்றோம். கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம், பிறநாட்டார் குறிப்பு என்பவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, வரலாற்று மூலங்கள் இவையே என மாணாக்கருக்கு உரைப்பது எம்போன்ற ஆசிரியரின் வழக்கம். இவ்வரிசையிலே சேற்றையும் சேர்த்தல் வேண்டும் என எவரேனும் கூறின், அது நகைப்பிற்கு இடமாகும். ஆயினும் மலைநாட்டின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்று கல்லிலோ ஓலையிலோ எழுதப்பட்டதன்று. சதுப்பு நிலத்துச் சேற்றிலே பூக்களின் மகரந்தத்தால் எழுதப்பட்டது. அதனைப் படிக்கும் முறை யாது, படித்தோர் கண்டது யாது, கண்டதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தில் என்னை ஈடுபடுத்தியது ஒரு மாணவியின் வினா. கோப்பிப் பயிர்ச்செய்கையின் வரலாற்றை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பொழுது, தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வரும் பிள்ளை ஒருத்தி எழுந்து, கோப்பி நடுவதற்கு முன் அந்த மலைகளில் என்ன இருந்தது என்று கேட்டாள். காடு இருந்தது என்றேன். அஃது எத்தகைய காடு, எக்காலமும் அங்கேயே இருந்ததா, அதனுள் மனிதர் இருந்தனரா என்று அவள் மேலும் வினவினாள். பாடநூலில் அதற்கு விடை இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை. பகலிற் கற்பித்து இரவிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற்றவன் யான். விஞ்ஞானத்தை முறையாகப் பயின்றவனல்லன். எனினும் வினவிய பிள்ளைக்கு விடை தேடுவது ஆசிரியனின் கடன். அக்கடனை அடைக்க முயன்றபோது கற்றவையே ஈண்டுத் தொகுத்துத் தரப்படுகின்றன.

மகரந்தத்தின் இயல்பு

பூவின் கேசரத்தில் உண்டாகும் நுண்ணிய மணிகளே மகரந்தம் எனப்படும். அவற்றுள் பெரும்பாலானவற்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிற்கும் பத்தில் ஒரு பங்கிற்கும் இடைப்பட்டதாகும். வெறுங் கண்ணுக்கு வெறுந் தூசியாகத் தோன்றும் இம்மணியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கின், ஒவ்வொரு தாவரக் குடும்பத்திற்கும் அதற்கேயுரிய முத்திரை இருத்தலைக் காணலாம். புல்லின் மணி ஒரே துளையுடைய உருண்டை. நாவல் மரக் குடும்பத்தின் மணி முக்கோண வடிவினது. பைன் மரத்தின் மணி இருபுறமும் காற்றுப்பை உடையது. சில மணிகளின் மேற்பரப்பில் முட்கள் உண்டு; சிலவற்றில் வலைப்பின்னல் உண்டு. அரசர் தம் நாணயத்தில் இலச்சினை பொறித்தது போல, இயற்கை ஒவ்வொரு மணியிலும் தாவரத்தின் அடையாளத்தைப் பொறித்து வைத்துள்ளது.

மகரந்த மணியின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் அழிந்துவிடும். புறத்தோலோ ஸ்போரோபொலினின் என்னும் பொருளால் ஆனது. உயிரினங்கள் ஆக்கும் பொருள்களுள் இதனைப் போல் அழிவை எதிர்த்து நிற்பவை மிகச் சிலவே. வெயிலும் காற்றும் புகும் வறண்ட மண்ணிலே இதுவும் நாளடைவிற் சிதையும். ஆனால், ஒட்சிசன் புகாத சதுப்பு நிலத்திலும் ஏரியின் அடிச்சேற்றிலும் பல்லாயிரம் ஆண்டுகள் சிதையாது கிடக்கும். ஆண்டுதோறும் சுற்றிலுமுள்ள மரஞ் செடி கொடிகளிலிருந்து மகரந்தம் மழைபோற் பொழிகின்றது. சதுப்பு நிலத்தில் விழுந்தது சேற்றோடு படிகின்றது. அதன்மேல் அடுத்த ஆண்டின் படிவு. அதன்மேல் அதற்கடுத்த ஆண்டினது. நீருள் அமிழ்ந்த தாவரப் பாகங்கள் முற்றாக உக்காது கரிய படையாகத் திரள்வதே முற்றா நிலக்கரி. அடியிலுள்ள படை முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ஓலைச்சுவடியை ஏடு ஏடாகப் புரட்டுவதைப் போலவே இப்படைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம்.

ஆய்வுமுறை வளர்ந்த விதம்

இத்துறைக்கு அடிகோலியவர் சுவீடன் நாட்டு நிலவியல் அறிஞர் லெனார்ட் வொன் போஸ்ட் ஆவார். இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் 1916 ஆம் ஆண்டில் கூடிய ஸ்காண்டிநேவிய அறிஞர் மாநாட்டில், சதுப்பு நிலப் படை ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரத்தின் மகரந்தம் நூற்றுக்கு எத்தனை வீதம் உள்ளது எனக் கணக்கிட்டு வரைபடமாக அவர் காட்டினார். ஒரு மணியைக் கண்டு ஒரு மரத்தை அறிவது பழைய செய்தி. பல்லாயிரம் மணிகளை எண்ணி, ஒரு காடு வளர்ந்ததையும் தேய்ந்ததையும் அறிவதே அவர் காட்டிய புதுநெறி. மகரந்தத்தையும் வித்திகளையும் ஆராயும் இத்துறைக்குப் பலினோலொஜி என்ற பெயர் 1944 ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. தூவப்படும் பொடி என்னும் கருத்துடைய கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டது அப்பெயர்.

ஆய்வாளர் முதலிற் குழாய் போன்ற கருவியைச் சதுப்பு நிலத்துள் செலுத்தி, படைகள் குலையாதவாறு சேற்றுத் தூண் ஒன்றை வெளியே எடுப்பர். அதனைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் காரத்திலும் அமிலங்களிலும் இட்டுக் காய்ச்சுவர். உக்கற் பொருளைக் காரம் கரைக்கும். மணலை ஐதரோபுளோரிக் அமிலம் கரைக்கும். செல்லுலோசை வேறோர் அமிலக் கலவை நீக்கும். மணலையே கரைக்கும் அமிலத்திலும் கரையாது எஞ்சுவது மகரந்தத்தின் புறத்தோல். எஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, ஒரு படைக்குச் சில நூறு மணிகள் வீதம் பொறுமையுடன் இனங்கண்டு எண்ணுதல் வேண்டும். ஒரு சேற்றுத் தூணை எண்ணி முடிப்பதற்கு மாதங்கள் செல்லும்.

எண்ணியவற்றுக்குக் காலம் வகுக்க உதவியது வேறொரு கண்டுபிடிப்பு. அமெரிக்க அறிஞர் வில்லார்ட் லிபியும் அவர்தம் குழுவினரும் 1949 ஆம் ஆண்டளவில் கதிர்த்தொழிற்பாட்டுக் காபனைக் கொண்டு பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் முறையை நிறுவினர். உயிருள்ள தாவரம் காற்றிலிருந்து பெறும் காபன் 14, அத்தாவரம் மடிந்தபின் குறைந்துகொண்டே செல்லும்; 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை கணக்கிடலாம். இம்முறைக்காக லிபிக்கு 1960 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

மணியை இனங்காண்பதற்கு ஒப்புநோக்கும் தொகுதி ஒன்றும் வேண்டும். அகராதியின்றி அயல்மொழி நூலைப் படிக்க இயலாதவாறு போல, இன்று வாழும் தாவரங்களின் மகரந்தத்தைத் தொகுத்து வைத்தாலன்றிப் பண்டைய மகரந்தத்தைப் படிக்க இயலாது. தென்னாசியாவுக்கு அவ்வகராதியை ஆக்கியோருள் தலைசிறந்தவர் ஒரு தமிழர் என்பது நாம் மகிழ்தற்குரியது. 1938 ஆம் ஆண்டில் சென்னையிற் பிறந்த தணிகைமணி, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஆய்வுகூடத்தை வளர்த்தெடுத்தார். உலக ஆய்வாளர் எல்லோருக்கும் பயன்படும் மகரந்த நூற்பட்டியலைத் தொகுத்தார். நீர்நிலைக் காடுகளுள் ஒன்றாகிய கண்டற் காட்டின் மகரந்தங்களை நுணுகி ஆராய்ந்தார். 1986 செப்டெம்பர் 5 ஆம் நாள் கராச்சியில் ஆயுதம் தாங்கியோரிடம் அகப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் பயணியாக இருந்தார், அங்கேயே உயிரிழந்தார். கண்டற் காட்டு மகரந்தம் பற்றிய அவர் நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. தமிழ் மாணாக்கருள் அவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர் என எண்ணும்போது மனம் வருந்துகின்றது.

ஹோட்டன் சமவெளி

இனி, எமது மலைநாட்டிற்கு வருவோம். கண்டிக்குத் தெற்கே, நுவரெலியாவுக்கும் அப்பால், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரால் 1834 ஆம் ஆண்டிலிருந்து இவ்வாறு வழங்கலாயிற்று. சிங்கள மக்கள் அதற்கு முன் இதனை மகா எலிய என்றனர். பரந்த வெட்டவெளி என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் காலடி படுமுன்னரே அங்கே திறந்த புல்வெளி இருந்தது என்பதற்கு அவ்விடப் பெயரே சான்றன்றோ?

அங்கே மேட்டுநிலத்தில் குட்டையான மழைக்காடு. அதில் நாவல் இனத்து மரங்களும், குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சேர்ந்த நெலு என்னும் புதர்களும் செறிந்திருக்கும். காட்டை அடுத்துப் புல்வெளி. அதனிடையே செந்நிறப் பூப் பூக்கும் காட்டுப்பூவரசு. தாழ்ந்த இடங்களிற் குறுமூங்கில் அடர்ந்த ஓடைகளும் சதுப்பு நிலங்களும் உண்டு. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் நீர் தரும் ஓடைகள் இங்கே தோன்றுகின்றன. பேராதனைப் பாலத்தின் கீழ் ஓடும் நீரின் ஒரு பகுதி, இம்மேட்டுநிலத்தின் சேற்றிலே ஊறி வந்ததாகும். ஆதலால் அச்சேற்றின் வரலாறு கண்டி மக்களுக்கு அயலாரின் வரலாறன்று.

இலங்கை ஆய்வாளர் இரத்னசிறி பிரேமதிலக, சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தின் யான் றிஸ்பேர்க்குடன் சேர்ந்து, இச்சமவெளியின் சதுப்பு நிலப் படைகளை ஆராய்ந்தார். அவ்வாய்வின் முடிவுகள் 2003 ஆம் ஆண்டில் வெளியாயின. அவர்கள் மகரந்தத்தை மட்டுமன்றி வேறு சான்றுகளையும் உடன்வைத்து நோக்கினர். அப்படைகள் ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் கதையைக் கூறுகின்றன.

அக்கதையின் தொடக்கத்தில் உலகின் வடபகுதி பனிப்பாறைகளால் மூடப்பட்டிருந்தது. இலங்கையின் மலையுச்சியிற் பனிப்பாறை இல்லை. ஆயினும் பருவமழை நலிந்திருந்தது. 24,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து ஏறத்தாழ 18,500 ஆண்டுகளுக்கு முன்வரை, இன்று மூடுபனி தவழும் அம்மேட்டுநிலம் வறட்சியைத் தாங்கும் செடிகளின் இடமாக இருந்தது. மழைக்காடு பின்வாங்கி நின்றது. பின்னர்ப் பருவமழை சிறிது சிறிதாக வலுப்பெற, காட்டு மரங்களின் மகரந்தம் பெருகியது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்த காலம் ஒன்று அமைந்தது. அதன்பின் மீண்டும் வறட்சி தலைதூக்கியது. 5,400 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 3,600 ஆண்டுகளுக்கு முன்வரை அது கடுமையாக இருந்தது. மலைக்காடு என்பது படைப்பு நாள் முதல் அசையாது நின்ற ஒன்றன்று. மழையோடு வளர்ந்தும் தேய்ந்தும் வந்த ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

குறிஞ்சியும் முல்லையும் மழை பொய்த்து இயல்பு திரியுங்கால் பாலையாகும் என்னும் கருத்துச் சிலப்பதிகாரத்தில் உண்டு. நிலம் தன் தன்மையை மாற்றிக்கொள்ளும் என்ற அவ்வுண்மையை நம் முன்னோர் கண்ணாற் கண்டு உணர்ந்தனர். மகரந்த ஆய்வு அதே உண்மைக்கு ஆண்டுக் கணக்கைச் சேர்க்கின்றது.

ஐயமும் தெளிவும்

ஹோட்டன் ஆய்வின் மற்றொரு பகுதி வியப்பை விளைவிப்பது. ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர் காட்டை எரித்தனர், மேய்ச்சலுக்கும் நிலத்தைப் பயன்படுத்தினர் என்றும், 13,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து வாற்கோதுமையும் ஓட்சும் பயிரிட்டனர் என்றும் ஆய்வாளர் கருதினர். இஃது உண்மையாயின் உலகின் மிகப் பழைய உழவருள் இம்மலைநாட்டினரும் ஒருவராவர். இச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அதனை உடனே வகுப்பிற் கூறிவிடவும் எண்ணினேன். ஆனால் வரலாற்று மாணாக்கன் பெருமிதம் தோன்றும் இடத்திலேதான் சற்று நின்று வினவுதல் வேண்டும்.

ஐயத்திற்குக் காரணங்கள் உள. புல் இனங்கள் எல்லாவற்றின் மகரந்தமும் ஒரே வடிவின. தானியப் பயிர்களின் மணி காட்டுப்புல்லின் மணியைவிடப் பொதுவாகச் சற்றுப் பெரியது. துளையைச் சூழ்ந்த வளையமும் தடித்தது. ஆகவே அளவைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தறிகின்றனர். ஆனால் காட்டுப்புற்களுள்ளும் பெரிய மணியுடையவை உண்டு. மேலும் வாற்கோதுமையின் காட்டு மூதாதை வளர்வது மேற்காசியப் பகுதியில்; அங்கே அது பயிராகத் திருந்தியது ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன்னர். அதற்கும் முந்திய காலத்தில், அத்தனை தொலைவிலுள்ள இலங்கையின் மலையுச்சியில் அப்பயிர் தோன்றியது என்று நிறுவ, மகரந்தம் மட்டும் போதாது. கருகிய தானியம், அரைத்த கல், குடியிருப்பின் எச்சம் என்பனவும் அதே காலத்தனவாகக் கிடைத்தல் வேண்டும்.

மனிதர் அக்காலத்தில் இலங்கையில் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. கலாநிதி சிரான் தெரணியகலவின் ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்தவையும் அதனைத் தெளிவாக்கியுள்ளன. புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர். மலைநாட்டின் அடிவாரத்தில், கித்துள்கலையிலுள்ள பெலிலென குகையிலும், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென குகையிலும் அவர்தம் சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. மழைக்காட்டில் வேட்டையாடியும் காய்கனி தேடியும் வாழ்ந்த மக்கள் அவர். அவர்கள் மேட்டுநிலத்திற்கு ஏறிச் சென்று தீயிட்டிருக்கலாம் என்பது ஏற்கத்தக்கது. உழுது விதைத்தனர் என்பது இன்னும் நிறுவப்படாதது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணாக்கருக்கு உணர்த்துவதே வரலாறு கற்பித்தலின் பயன் என்பேன். சான்று கூறாததை நம் விருப்பத்திற்காகக் கூறவைத்தல், பொய்க் கல்வெட்டுப் பொறிப்பதை ஒக்கும்.

நீலகிரியின் சாட்சி

ஒரு சாட்சியின் கூற்றை மற்றொரு சாட்சியைக் கொண்டு சோதித்தல் நீதிமன்ற மரபு. ஹோட்டன் சமவெளியை ஒத்த நிலம் தமிழகத்தின் நீலகிரியில் உண்டு. அங்கும் 2,000 மீற்றருக்கு மேல் புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலை எனப்படும் குட்டைக் காடும், இடையே சதுப்பு நிலமும் உள்ளன. அப்புல்வெளி மனிதர் காட்டை அழித்ததால் உண்டாயிற்றா, அல்லது இயற்கையாகவே அமைந்ததா என்பது நீண்டகால வழக்கு. லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் விஷ்ணு மித்ரேயும், புதுச்சேரியில் பிளாஸ்கோவும் தணிகைமணியும் அங்குள்ள படைகளின் மகரந்தத்தை ஆராய்ந்தனர். 1993 ஆம் ஆண்டில் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்னும் நால்வரும் அதே நிலத்து முற்றா நிலக்கரியிலுள்ள காபனின் வகைகளை அளந்து வெளியிட்டனர். மரங்கள் விட்டுச் செல்லும் காபனும் வெப்பநாட்டுப் புற்கள் விட்டுச் செல்லும் காபனும் சிறிது வேறுபட்டவை. ஆதலால் மகரந்தத்தை எண்ணாமலே காடும் புல்லும் எந்த விகிதத்தில் இருந்தன என அதனால் மதிப்பிடலாம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழி உச்சத்தில் இருந்தபோது நீலகிரியிற் புல்லே ஓங்கியிருந்தது என்பதும், பின்னர் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தது என்பதும் அவ்வாய்வாற் புலப்பட்டன. இரு மலைகள், இருவகை அளவைகள், பெரும்போக்கில் ஒரே கூற்று. ஆகவே பருவமழையின் ஏற்றத்தாழ்வு பற்றி ஹோட்டன் சேறு கூறுவதை நாம் துணிந்து ஏற்கலாம். மலையுச்சிப் புல்வெளி மிகப் பழையது என்பதும், மனிதர் இட்ட தீ பிற்காலத்தில் அதனை விரித்திருக்கலாமேயன்றி அதனை அவரே படைத்தாரல்லர் என்பதும் இதனாற் பெறப்படும்.

கண்டி வாவியும் தேயிலைச் செடியும்

பல்லாயிரம் ஆண்டுகளை விடுத்து அண்மை நூற்றாண்டுகளை நோக்குவோம். கண்டி நகரின் நடுவிலுள்ள வாவி, கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனால் 1807 ஆம் ஆண்டிலிருந்து 1812 ஆம் ஆண்டு வரையில் அமைக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடம் வயலாக இருந்தது. எனவே குலையாத படை அதன் அடியில் எங்கேனும் இருக்குமாயின், கீழே நெல்வயலின் சேறும், அதன்மேல் வாவியின் படிவும் இருத்தல் வேண்டும். உடவத்தகலே வனத்தின் மரங்கள், நகரத்துத் தோட்டங்கள், அயல்நாடுகளிலிருந்து வந்த அழகு மரங்கள் ஆகியவற்றின் மகரந்தம் அப்படிவிற் கலந்திருக்கும். இலங்கைக்கு இயல்பாக உரியதல்லாத பைன் மரம், கடந்த நூற்றாண்டில் ஹந்தானை மலைச்சாரலில் நடப்பட்டது. காற்றுப்பை உடைய அதன் மணி ஒரு படையில் மிகுந்திருப்பின், அது அண்மைக் காலத்தது என்று ஆண்டு பொறித்ததற்கு ஒப்பாகும். வாவியில் வண்டல் அகற்றியபோது படைகள் கலைந்திருக்கவும் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

காற்றில் மிதப்பதைக் கண்ணாடித் தகட்டிற் பிடித்துப் படிக்கும் கலை எமது ஊருக்குப் புதியதன்று. 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் கோப்பி இலைத்துரு நோய் காணப்பட்டது; தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அதனை ஆராய 1880 ஆம் ஆண்டில் வந்த மார்ஷல் வோட் என்பவர் பேராதனையிலிருந்து பணியாற்றினார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வந்து படிந்த பூஞ்சண வித்திகளைப் பிடித்து, நோய் காற்றினாற் பரவுதலைக் காட்டினார். சேறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை அவர் சில நாட்களுக்குக் கண்ணாடியைக் கொண்டு செய்தார் எனலாம்.

கோப்பியின் கதையும் தேயிலையின் கதையும் எம் மாணவியின் கதையாகும். 1820களில் ஜோர்ஜ் பேட் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் அமைத்தார். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் மலைகளை வெட்டித் திருத்தினர். வழியில் மாண்டோர் பலர். இத்துணைப் பெரிய மாற்றம் சேற்றில் எவ்வாறு பதிந்திருக்கும்? காட்டு மரங்களின் மகரந்தம் திடீரெனக் குறையும். களைகளின் மகரந்தமும் எரிந்த மரத்தின் கரித்துகளும் பெருகும்.

ஆனால் தேயிலையின் மகரந்தம் மிக அரிதாகவே கிடைக்கும். இதற்குக் காரணம் எளிது. தேயிலையின் மகரந்தத்தைக் கொண்டு செல்வது பூச்சியேயன்றிக் காற்றன்று; அன்றியும் வாரந்தோறும் கொழுந்து பறித்து, ஆண்டுகள் சில கழியக் கவ்வாத்தும் செய்யும் செடி பூப்பது குறைவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டை மூடிநின்ற பயிர், பறித்த கையினாலேயே பூவாது நின்றது. பிற்காலத்தில் மகரந்தத்தை மட்டும் எண்ணும் ஒருவன், இங்கே காடு அழிந்தது, புல்லும் களையும் வளர்ந்தன என்று எழுதிவிட்டு, தேயிலையையும் அதனைப் பறித்தவரையும் காணாது போகலாம். அவன் எண்ணிக்கையிற் பிழை இராது. முடிவிற் பிழை இருக்கும்.

இது சேற்றுக்கு மட்டும் உரிய குறையன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்கு ஆவணம் கேட்டது. லயன் அறைகளிற் பிறந்து மடிந்தோரிடம் அத்தகைய ஆவணம் இருக்கவில்லை. ஏட்டிற் பெயரில்லாதோர் நாட்டில் இல்லாதோர் எனக் கொள்ளப்பட்டனர். பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. சான்றின் மௌனத்தை இன்மையாகக் கொள்ளுதல் எத்துணைக் கொடிய பிழை என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டுமோ? ஒரு மூலம் எதனைப் பதிக்கும், எதனைப் பதிக்காது என்று முதலில் அறிந்த பின்னரே அதன் மௌனத்திற்குப் பொருள் காணல் வேண்டும்.

இழக்கலாகாத ஏடு

சேற்றின் ஏடு நீர் உள்ளவரையே ஏடாக இருக்கும். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று உட்புகும். முற்றா நிலக்கரி உக்கும். அதனுள்ளிருக்கும் மகரந்தமும் சிதையும். உலர்ந்தபின் ஒரு தீப்பொறி வீழின், படைகளே எரியும். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது ஒரு கோடையில் அழிந்துபோகும். மீட்டு எழுத எவராலும் இயலாது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததை எண்ணி இன்றும் வருந்தும் நாம், சதுப்பு நிலம் வடிக்கப்படும்போது அதனை அபிவிருத்தி என்று வாளாவிருத்தல் தகுமோ?

நல்வினையாக, ஹோட்டன் சமவெளி தப்பியது. 1873 ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடுமாறு அறிவுரை கூறினார். அரசும் அதனை ஏற்றது. இடையில் ஒருகாலத்தில் அங்கு உருளைக்கிழங்கும் பயிரிடப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் அச்சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 ஆம் ஆண்டில் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு இடம்பெற்றது. ஆனால் கண்டியைச் சுற்றிலும் பெயரற்ற சிறு சதுப்புகளும் ஊற்றடிச் சேறுகளும் பல உள. மண் கொட்டி நிரப்பி அவற்றின்மேல் வீடு கட்டப்படுகின்றது. அவற்றைப் படித்தாரும் இலர், காப்பாரும் இலர்.

மாணாக்கர் இதற்குச் செய்யத்தக்கது யாதெனின், பெரிய கருவிகள் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியே போதும். பாடசாலை வளவிற் பூக்கும் மரங்களின் மகரந்தத்தைத் தகட்டில் இட்டு நோக்கி, வடிவத்தை வரைந்து, மரத்தின் பெயரையும் பூத்த மாதத்தையும் எழுதி வைக்கலாம். பத்து ஆண்டுகளில் அஃது ஓர் அகராதியாகும். ஊரிலுள்ள சதுப்பு நிலங்கள் எவை, எப்பொழுது நிரப்பப்பட்டன என முதியோரைக் கேட்டுக் குறித்து வைக்கலாம். விஞ்ஞான ஆசிரியரும் வரலாற்றாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது.

வினவிய மாணவிக்கு யான் பின்னர் விடை கூறினேன். கோப்பிக்கு முன் காடு இருந்தது. அக்காட்டிற்கு முன் வறண்ட வெளி இருந்தது. அதற்கும் முன்னரே மனிதர் இருந்தனர். மழை கூடியும் குறைந்தும் எல்லாவற்றையும் மாற்றியது என்றேன். சிறிது நேரம் எண்ணிவிட்டு, எங்களையும் அந்தச் சேறு எழுதியிருக்குமா என்று கேட்டாள். நேராக எழுதியிராது, உன் பாட்டி பறித்த செடி பூக்கவில்லை, ஆனால் அவள் வெட்டிய காட்டின் குறைவை அது எழுதியிருக்கும், மீதியை நீதான் எழுதவேண்டும் என்றேன். அவள் இன்று உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்கின்றாள்.